கை தவறிய குவளை

சென்ற வேனிற்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தில்லியில் எங்கள் குடியிருப்பிலேயே இரண்டாம் மாடியில் வசிக்கும் நண்பரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். நண்பர் வெளியே போயிருந்தார். கூடத்தில் அவருடைய தாயார் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கல்லூரியில் ஸ்பானிய மொழி பயிலும் நண்பரின் மகள், மேசைமேல் பயிற்சி ஏட்டை விரித்துவைத்து முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, இந்த வாக்கியத்தில் 'நான்' எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்" என்று ஏட்டை என்னிடம் நீட்டினாள்.

வாக்கியம் மிகச் சிறியது: 'சே மே காயோ எல் வாசோ.' அதை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுத வேண்டும் என்பது பயிற்சி. அவள் சொல்லுக்குச் சொல் வைத்து, 'குவளை தானாக எனக்கு விழுந்தது' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்றை எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'ஐ டிராப்ட் த கிளாஸ்' என்று மேலே எழுதியிருந்தார். 'நான் குவளையைக் கீழே போட்டேன்' என்பது அதன் பொருள்.

"விழுந்தது குவளை, மாமா. நான் ஒன்றும் செய்யவில்லையே! ஆசிரியர் ஏன் என்மேல் பழி போடுகிறார்?"

கீரையிலிருந்து தலை நிமிராமலே பாட்டியார் சொன்னார்: "கை தவறி விழுந்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போயேன். இதற்கா இத்தனை வாதம்?"

ஸ்பானிய மொழியில் ஓர் எழுத்தும் அறியாதவர் அவர். ஆயினும் அத்தொடரின் உட்பொருளை அந்தச் சிவப்பு மையைக் காட்டிலும் அவருடைய சொற்களே நெருங்கி நின்றன. ஸ்பானிய மொழியை ஓரளவு கற்று, அதைக் கொண்டு சில ஆண்டுகள் வயிறு வளர்த்தவன் நான். அன்று அந்தக் கூடத்தில் தொடங்கிய பேச்சு என் மனத்தில் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பயனே இக்கட்டுரை.

முதலில் அச்சிறு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். 'காயோ' என்றால் விழுந்தது. 'எல் வாசோ' என்றால் குவளை. 'சே' என்பது, வினையைத் தன்னளவில் நிகழ்ந்ததாகக் காட்டும் ஒரு சிறு சொல். 'மே' என்பதே இங்கு உயிர்நாடி. அது நம் நான்காம் வேற்றுமையாகிய 'எனக்கு' என்பதற்கு நேரானது. இந்த அச்சில் எத்தனையோ தொடர்களை ஸ்பானியர் வார்க்கின்றனர். 'சே மே ஓல்விதோ' என்றால் எனக்கு மறந்துவிட்டது. 'சே மே ரொம்பியோ' என்றால் என் கையில் இருந்தது உடைந்துவிட்டது. 'சே மே பெர்தியோ' என்றால் என்னிடமிருந்தது தொலைந்துபோயிற்று. 'சே மே இசோ தார்தே' என்றால் எனக்கு நேரமாகிவிட்டது.

இவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் 'நான் மறந்தேன்', 'நான் உடைத்தேன்', 'நான் தொலைத்தேன்' என்றே எழுதச் சொல்லுவர். அவர்கள்மேல் குற்றமில்லை. ஆங்கிலேயரின் நாவில் இயல்பாக வருவது அதுவே. ஒரு செயல் நிகழ்ந்துவிட்டால் அதற்கு ஒரு கருத்தாவைத் தேடி வாக்கியத்தின் தலையில் உட்காரவைத்துவிடுவது ஆங்கிலத்தின் இயற்கை. கை நழுவினாலும் 'நான் போட்டேன்'. வேண்டுமென்றே வீசினாலும் 'நான் போட்டேன்' என்று சொல்லக்கூடிய வினை அது. ஸ்பானியரிடத்திலோ மூன்று தனித்தனி வழிகள் உள்ளன. எறிந்தவன் 'லோ தீரே' என்பான். பிடியைத் தளர்த்தி விழவிட்டவன் 'லோ தேஹே காயேர்' என்பான். கை தவறியவன் மட்டுமே 'சே மே காயோ' என்பான். மூன்றையும் ஒரே ஆங்கில வினையில் கொட்டினால், ஸ்பானியர் வாய் திறக்கும்போதே செய்துகொண்ட ஒரு தேர்வு மொழிபெயர்ப்பில் காணாமற் போய்விடுகிறது.

தமிழுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. உடைந்தது, உடைத்தேன், கவிழ்ந்தது, கவிழ்த்தேன், சிதறியது, சிதறடித்தேன் என்று தன்வினையும் பிறவினையும் இணை இணையாக நம்மிடம் உள்ளன. 'கீழே போட்டுவிட்டேன்' என்று நாமும் ஒப்புக்கொள்வதுண்டு. ஆனால் தாயின் முன் நிற்கும் குழந்தை எந்த வினையைத் தேர்கிறது என்பதை நேயர்கள் தத்தம் வீட்டிலேயே கண்டிருப்பீர்கள். 'உடைந்துபோச்சு' என்னும் குழந்தையும், 'உடைத்தாயா?' என்னும் தாயும் ஒரே நிகழ்ச்சியைத்தான் பேசுகின்றனர்.

வீட்டில் இது சிரிப்புக்குரியது. காவல் நிலையத்தில் அப்படியன்று. அமெரிக்காவின் காலிஃபோர்னியா மாநிலத்தில் ஸ்பானிய மொழி பேசுவோர் இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர். காவல்துறையினர் அவர்களை விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இடையே இருப்பார். ஆங்கிலத்தில் அவர் சொல்லுவதே வழக்குக்கு ஆதாரமாகக் கொள்ளப்படும். அத்தகைய விசாரணைகளின் எழுத்துப் பதிவுகளை லூனா ஃபிலிப்போவிச் என்னும் மொழியியல் அறிஞர் ஆராய்ந்து எழுதியுள்ளார். 'சே மே காயோ' என்னும் இதே தொடர் ஆங்கிலத்தில் 'நான் போட்டேன்' என்று மாறிவிடும்போது எவ்வளவு பெரிய வேறுபாடு விளையும் என்பதை அவர் எடுத்துக்காட்டியுள்ளார். கை தவறியது என்று ஒருவன் கூறுகிறான். அவனே செய்ததாக ஏட்டில் பதிவாகிறது. மொழிபெயர்ப்பாளர் இலக்கணப் பிழை ஏதும் செய்யவில்லை. எங்கள் நண்பரின் மகளுக்குச் சிவப்பு மையால் கற்பிக்கப்பட்ட 'சரியான' விடையைத்தான் அவரும் தருகிறார்!

இது வெறும் இலக்கணச் சண்டை அன்று என்பதற்கு வேறு சான்றும் உண்டு. கெய்ட்லின் ஃபாசி, லேரா பொரொடிட்ஸ்கி என்னும் இரு ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ஆங்கிலம் பேசுவோருக்கும் ஸ்பானிய மொழி பேசுவோருக்கும் சிறு சிறு படக்காட்சிகளைக் காட்டினர். சில காட்சிகளில் ஒருவர் வேண்டுமென்றே ஒரு பொருளை உடைப்பார்; சிலவற்றில் தற்செயலாக உடையும். வேண்டுமென்று செய்தவற்றை இரு சாராரும் ஒன்றுபோலவே வருணித்தனர். செய்தவர் யார் என்பதையும் ஒன்றுபோலவே நினைவில் வைத்திருந்தனர். தற்செயல் நிகழ்ச்சிகளில்தான் வேறுபாடு தோன்றியது. 'அவர் உடைத்தார்' என்று கூறும் வழக்கம் ஆங்கிலம் பேசுவோரிடம் மிகுந்திருந்தது. அருகிலிருந்தவர் யார் என்பதை நினைவில் வைத்திருந்ததிலும் அவர்களே முந்தினர். இவ்விருவரே அதற்கு முந்திய ஆண்டில், ஓர் உணவகத்தில் நேர்ந்த தீ விபத்தைப் பற்றிய குறிப்பை ஆங்கிலம் பேசுவோரிடம் படிக்கக் கொடுத்திருந்தனர். செய்தி ஒன்றே, சிலருக்குக் கருத்தாவை முன்னிறுத்தியும், சிலருக்கு 'தானே நிகழ்ந்தது' என்னும் நடையிலும் எழுதப்பட்டிருந்தது. முன்னதைப் படித்தவர்கள் அப்பெண்மணிமீது மிகுதியான பழியைச் சுமத்தினர்; அவர் கொடுக்க வேண்டிய இழப்பீட்டையும் உயர்த்திக் கூறினர். ஒரு வினைச்சொல்லின் வடிவத்துக்கு இவ்வளவு விலை!

அப்படியானால் 'சே மே காயோ' என்பதை ஆங்கிலத்தில் எப்படித்தான் சொல்லுவது? சிறுமி எழுதிய சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு ஆங்கிலமே ஆகாது. ஆசிரியர் எழுதியது நல்ல ஆங்கிலம். அன்றாடப் பேச்சில் அதுவே போதும். பழி பற்றிய கேள்வி எழக்கூடிய இடத்தில், 'இட் ஸ்லிப்ட் அவுட் ஆஃப் மை ஹேண்ட்' என்று ஆங்கிலேயரும் சொல்லுவர். 'என் கையிலிருந்து நழுவிவிட்டது' என்னும் அத்தொடர் பாட்டியார் சொன்னதற்கு நேரான ஆங்கிலம். எது பொருந்தும் என்பதை அகராதி சொல்லாது. பேசுபவன் யாரிடம், எந்நிலையில் பேசுகிறான் என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இங்கே தமிழருக்கு ஒரு சிறு வசதி இருப்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலம் வழியாக ஸ்பானிய மொழி பயில்வோர் முதல் ஆண்டில் இடறி விழும் படி ஒன்று உண்டு. 'மே கூஸ்தா' என்னும் வினைத்தொடரே அது. ஆங்கிலத்தில் விரும்புகிறவன் எழுவாய். விரும்பப்படும் பொருள் செயப்படுபொருள். ஸ்பானிய மொழியில் பொருளே எழுவாய்; விரும்புகிறவன் 'எனக்கு' என்று ஒதுங்கி நிற்கிறான். ஆங்கிலேய மாணவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். நமக்கோ 'எனக்குப் பிடிக்கிறது' என்று பொருளுக்கேற்ப வினையை முடிப்பது தாய்ப்பாலோடு வந்தது. 'மே துவேலே லா கபேசா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. 'மே பரேசே' என்றால் எனக்குத் தோன்றுகிறது. பசி, அச்சம், வெட்கம் ஆகியவற்றையும் நாம் 'எனக்கு' என்றே கூறுகிறோம். ஸ்பானியர் அவற்றுள் சிலவற்றை 'எனக்கு' என்றும், சிலவற்றைப் 'பசி உடையேன்', 'அச்சம் உடையேன்' என்றும் கூறுவர். உடனே ஸ்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று நிறுவப் புறப்படும் அன்பர்களைக் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன்: அது இலத்தீனின் மகள், நமக்கு உறவு ஏதுமில்லை. தொலைவில் உள்ள இரு ஊர்களில் ஒரே மாதிரித் திண்ணை கட்டியிருப்பது போன்ற ஒற்றுமைதான் இது.

ஆகையால் தில்லியிலும் மும்பையிலும் பள்ளிகளில் ஸ்பானியம் எடுத்துப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். ஸ்பானிய வாக்கியத்தைக் கண்டவுடன் ஆங்கிலச் சொற்களைத் தேடி ஓடாமல், முதலில் அதைத் தமிழில் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு 'இதே நிலையில் ஆங்கிலேயர் என்ன சொல்லுவார்?' என்று கேட்டுக்கொள்ளலாம். சுற்றுவழி போலத் தோன்றினும் பல நேரங்களில் அதுவே குறுக்குவழி.

இந்த வழியை நான் அறிந்துகொள்ள ஒரு வணிகர் விலை கொடுத்தார். பல ஆண்டுகளுக்கு முன், தோற்பொருள்களை அயல்நாடுகளுக்கு அனுப்பிவந்த ஓர் அலுவலகத்தில் கடிதங்களைப் பெயர்த்து எழுதும் வேலையில் இருந்தேன். ஸ்பெயினிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அகபாமோஸ் தே ரெசிபீர் லாஸ் முவெஸ்த்ராஸ்' என்று அது தொடங்கியது. 'அகபார்' என்றால் முடித்தல் என்று அகராதி கூறிற்று. 'மாதிரிகளைப் பெற்று முடித்துவிட்டோம்' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதைப் படித்துவிட்டு, இனி மாதிரிகள் வேண்டாம் என்று கூறுவதாகக் கொண்டார். எஞ்சிய இரண்டு சிப்பங்களையும் அனுப்பாமல் நிறுத்திவிட்டார். அங்கே அவர்கள் காத்திருந்து சலித்து, வேறொருவரிடம் சரக்கு வாங்கிக்கொண்டனர். உண்மையில் அத்தொடரின் பொருள் என்ன? 'அகபார்' என்னும் வினையோடு 'தே' என்னும் இடைச்சொல்லும் மற்றொரு வினையும் சேர்ந்தால், முடித்தல் என்னும் பொருள் கரைந்து, 'இப்போதுதான்' என்னும் காலக்குறிப்பு மட்டுமே நிற்கும். 'மாதிரிகள் இப்போதுதான் வந்து சேர்ந்தன' என்று அவர்கள் எழுதியிருந்தனர். ஆங்கிலத்தில் 'ஹாவ் ஜஸ்ட்' என்னும் இரு சொற்களில் அடங்கிவிடும் செய்தி! முதலாளி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நம் துணைவினைகளை நினைத்துப் பார்த்திருந்தால் அப்பிழை நேர்ந்திராது. 'வந்துவிட்டான்' என்பதில் விடுதல் இல்லை. 'தொலைந்துபோயிற்று' என்பதில் போதல் இல்லை. 'சொல்லிப் பார்த்தேன்' என்பதில் கண்ணுக்கு வேலையில்லை. ஸ்பானிய மொழியிலும் இப்படி வேலை மாறிய வினைகள் ஒரு கூட்டமாகவே உள்ளன. 'வோல்வேர்' என்றால் திரும்புதல். ஆனால் 'வோல்வேர் ஆ' என்று தொடங்கி வேறு வினை வந்தால் 'மறுபடியும்' என்பதே பொருள். 'தேஹார்' என்றால் விடுதல்; 'தேஹார் தே' என்றால் ஒன்றைச் செய்வதை நிறுத்திவிடுதல். நாம் 'குடிப்பதை விட்டுவிட்டான்' என்பது போலத்தான். ஆனால் அதே தொடர் எதிர்மறை ஏவலாக வரும்போது, 'எழுதாமல் இருந்துவிடாதே' என்று அன்போடு வற்புறுத்துவதாகிவிடும். ஆங்கிலத்தில் அதை 'கட்டாயம் எழுது' என்று உடன்பாடாகத் திருப்பிச் சொன்னால்தான் இயல்பாக இருக்கும்.

'யேவார்' என்னும் வினையில் எனக்குத் தனி ஈடுபாடு. அதன் பொருள் எடுத்துச் செல்லுதல், சுமத்தல். 'யேவோ த்ரேஸ் ஆன்யோஸ் என் தெல்லி' என்று ஒருவர் கூறினால், சொற்படி 'தில்லியில் 3 ஆண்டுகளைச் சுமக்கிறேன்' என்றாகும். ஆங்கிலத்தில் 'தில்லியில் 3 ஆண்டுகளாக இருந்துவருகிறேன்' என்று காலத்தை வினைவடிவத்தில் ஏற்றிவிடுவர். நாம் 'தில்லிக்கு வந்து 3 ஆண்டு ஆகிறது' என்போம். மூன்றும் ஒரே கணக்குத்தான். ஆனாலும் 30 ஆண்டுகளை இங்கே கழித்த என்போன்றோருக்குச் சில மாலைகளில் ஸ்பானியரின் சொல்லே பொருத்தமாகப் படுகிறது.

மற்றொரு வகை, 'ஆதல்' என்னும் கருத்து. ஆங்கிலத்தில் 'பிகம்' என்னும் ஒரே சொல்லைக் கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்று நினைக்கும் மாணவரை ஸ்பானிய மொழி விடாது. முகம் சிவந்தால் 'போனெர்சே'. அது சற்று நேரத்தில் மாறிவிடும் நிலை. அறிவு பேதலித்தால் 'வோல்வெர்சே'. அது ஆளையே மாற்றுவது. ஒருவர் முயன்று மருத்துவரானால் 'அசெர்சே'. பார்வை போய்விட்டாலோ, தனித்து விடப்பட்டாலோ 'கெதார்சே'. எல்லாம் போனபின் எஞ்சி நிற்கும் நிலை அது. நல்ல ஆங்கிலம் எழுதுகிறவரும் இங்கெல்லாம் 'பிகம்' என்று எழுதமாட்டார். முகத்துக்கு ஒரு வினை, பித்துக்கு ஒரு வினை என்று அம்மொழிக்கே உரிய சொற்களைத் தேடுவார். ஆக, இரு மொழிகளிலும் பல வினைகள் உள்ளன. ஆனால் எல்லைக் கற்கள் வெவ்வேறு இடங்களில் நடப்பட்டிருக்கின்றன.

இனி, உடலுறுப்புகளைக் கொண்டு அமைந்த வழக்குத்தொடர்களுக்கு வருவோம். இவை பார்ப்பதற்குக் கடினமாகத் தோன்றினாலும் உண்மையில் எளியவை. ஏனெனில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அபத்தமாகிவிடும் என்பது எவர்க்கும் தெரிந்துவிடுகிறது. கேலி செய்து ஏமாற்றுவதை ஸ்பானியர் 'மயிரைப் பிடித்தல்' என்று பொருள்படும்படி 'தோமார் எல் பேலோ' என்பர். ஆங்கிலேயர் காலை இழுப்பதாகச் சொல்லுவர். நாம் காதில் பூச்சுற்றுகிறோம். தலைமுதல் கால்வரை மூன்று இனத்தாரும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டனர்! தெரிந்தும் தெரியாதது போல் விட்டுவிடுவதை 'அசேர் லா விஸ்தா கோர்தா', அதாவது பார்வையைப் பருமனாக்குதல் என்பர். ஆங்கிலேயர் குருட்டுக் கண்ணைத் திருப்புவர். நாம் கண்டும் காணாமல் இருக்கிறோம். இங்கே மூவரும் கண்ணையே பற்றியிருப்பது வியப்புத்தான். ஒரு பொருள் அதிக விலையானால் ஸ்பானியருக்கு முகத்திலுள்ள ஒரு கண் செலவாகும். ஆங்கிலேயருக்கு ஒரு கையும் ஒரு காலும் செலவாகும்.

ஆபத்து, ஒத்தது போலக் காட்டி ஏமாற்றும் தொடர்களில்தான் இருக்கிறது. அஞ்சாமல் உள்ளதை உள்ளபடி பேசுகிறவரை, 'நாக்கில் மயிர் இல்லாதவர்' என்று ஸ்பானியர் கூறுவர். நம்மிடம் 'நரம்பில்லாத நாக்கு' என்று ஒன்று உண்டல்லவா? அதுவே இது என்று மகிழ்ந்து போகலாகாது. நம் தொடர் இகழ்ச்சி; எதையும் புரட்டிப் பேசும் நாக்கைச் சுட்டுவது. ஸ்பானியர் தொடரிலோ பெரும்பாலும் ஒரு மதிப்பு கலந்திருக்கும். ஆங்கிலத்தில் 'சொற்களைக் கொத்திச் சிறிதாக்காதவர்' என்னும் பொருளில் ஒரு தொடர் வழங்குகிறது, அதுவே தக்கது. இன்னொன்று 'எஸ்தீரார் லா பாத்தா'. விலங்கின் காலை நீட்டுதல் என்பது சொற்பொருள். செத்துப்போதல் என்பது கருத்து. ஆங்கிலத்தில் வாளியை உதைத்தல் என்னும் தொடரோ, நம்மிடம் மண்டையைப் போடுதல் என்னும் தொடரோ அதற்கு அளவாகப் பொருந்தும். ஆனால் துக்கம் விசாரிக்கும் கடிதத்தில் எம்மொழியிலும் அதை எழுத முடியாது. பொருள் ஒத்தால் மட்டும் போதாது. அவையும் ஒக்க வேண்டும்.

அவை என்றவுடன் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழியாக வழங்குகிறது. ஸ்பெயினில் பேருந்தைப் பிடிப்பதற்கு அன்றாடம் வழங்கும் 'கொஹேர்' என்னும் வினை, அர்ஜென்டினாவிலும் மெக்ஸிகோவிலும் நாலு பேர் நடுவில் கூறத்தகாத பொருளைப் பெற்றுவிட்டது. அந்நாட்டார் வேறு வினையால்தான் பேருந்தைப் பிடிக்கின்றனர். எனவே கடிதம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உறையைப் பார்த்துக்கொள்வதும் மொழிபெயர்ப்பாளரின் வேலையே.

நூல் மொழிபெயர்ப்புக்கு வந்தால், இச்சிக்கல் நெடுங்காலத்தது. செர்வான்டிஸ் எழுதிய 'டான் கிஹோட்டே' நாவலின் முதற்பகுதி ஸ்பெயினில் 1605-இல் வெளிவந்தது. தாமஸ் ஷெல்டன் என்பவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1612-இல் வெளியிட்டார். அதை 40 நாட்களில் செய்து முடித்ததாக அவரே கூறியிருக்கிறார். அக்காலத்து ஆங்கிலத்தின் மணம் கமழும் அந்நூலை இன்றும் சுவைப்போர் உண்டு. ஆனால் ஸ்பானியச் சொல்லுக்கு ஒலியில் ஒத்த ஆங்கிலச் சொல்லைக் கண்டால் அதையே போட்டுவிடும் பழக்கம் அவரிடம் இருந்தது. நிகழ்ச்சி என்று பொருள்படும் 'சுசேசோ' அவர் நூலில் வெற்றி என்று பொருள்படும் 'சக்ஸஸ்' ஆகிவிட்டது! 1885-இல் அந்நாவலை மீண்டும் பெயர்த்த ஜான் ஆம்ஸ்பி, ஷெல்டனின் சுவையைப் பாராட்டிய கையோடு இக்குறையையும் சுட்டிக்காட்டினார்.

நம் காலத்துக்கு நெருங்கிய சான்று கிரெகரி ரபாஸா. கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967-இல் வெளிவந்தது; ரபாஸாவின் ஆங்கில ஆக்கம் 1970-இல் வந்தது. நாவலின் முதல் வாக்கியத்திலேயே 'அபியா தே' என்னும் வினைத்தொடர் அவரை நிறுத்தியது. கதை நிகழும் காலத்துக்குப் பின்னால் நிகழவிருப்பதை, அதற்கும் பின்னால் நின்று கூறும் தொடர் அது. தமிழில் 'நினைவுகூரவிருந்தார்' என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். ஆங்கிலத்தில் 'வுட்' என்றும் சொல்லலாம்; 'வாஸ் டு' என்றும் சொல்லலாம். முன்னது வெறும் எதிர்காலம். பின்னதில் விதியின் நிழல் சற்றே படிந்திருக்கும். ரபாஸா பின்னதைத் தேர்ந்தெடுத்தார். அதே வாக்கியத்தில் பனிக்கட்டியை முதன்முதலாகப் பார்ப்பதைக் குறிக்கும் 'கொனொசேர்' என்னும் வினையையும் அவர் 'அறிதல்' என்று விட்டுவிடாமல் 'கண்டுபிடித்தல்' என்னும் பொருளுள்ள ஆங்கில வினையாக்கினார். 2005-இல் தம் அனுபவங்களைப் பற்றி எழுதிய நூலில் இத்தேர்வுகளை அவரே விளக்கியிருக்கிறார். ஓரிரு சிறு சொற்களுக்காக அவ்வளவு எண்ணிப் பார்த்திருக்கிறார்! கடிதச் சிப்பத்தை மூன்று நிமிடத்தில் பெயர்த்துக் கொடுத்த என் இளமையை எண்ணி வெட்கப்பட்டேன்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிக அரிதாகத் தோன்றும் தொடர் ஒன்றை இறுதிக்கு என்று வைத்திருந்தேன். 'தே எச்சோ தே மேனோஸ்.' சொற்படி பார்த்தால் 'உன்னைக் குறைவாக எறிகிறேன்' என்று ஏதோ உளறலாக வரும். போர்த்துக்கீசிய மொழியில் 'அச்சார் மேனோஸ்' என்று ஒரு வழக்கு இருந்தது. ஒன்று குறைந்திருக்கக் காணுதல் என்பது அதன் பொருள். ஸ்பானியர் அதைக் கடன் வாங்கியபோது, 'காணுதல்' என்னும் அயல் வினை தங்களுக்குப் பழகிய 'எறிதல்' என்னும் வினையின் ஒலியில் போய்க் கலந்துவிட்டது. ஆக, வீட்டை எண்ணிப் பார்க்கும்போது ஒருவர் குறைவதைக் காண்கிறேன் என்பதே அதன் பழைய உள்ளம். ஸ்பானிய அமெரிக்க நாடுகளில் இதற்கு 'எக்ஸ்த்ரான்யார்' என்னும் வேறு வினையே மிகுதியாக வழங்குகிறது.

ஆங்கிலத்தில் இதைப் பெயர்ப்பது எளிது. 'ஐ மிஸ் யூ' என்னும் மூன்று சொற்களும் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும். தமிழில்தான் திகைப்பு. நமக்கு இதற்கென்று ஒரு தனி வினை இல்லை. இப்போதெல்லாம் பிள்ளைகள் அந்த ஆங்கிலச் சொல்லோடு 'பண்ணுகிறேன்' என்பதைச் சேர்த்துக்கொள்கின்றனர். அவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் ஊரிலிருந்து வந்த கடிதங்களை நினைத்துப் பாருங்கள். 'நீ போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது', 'சாப்பிட உட்கார்ந்தால் உன் நினைவு வருகிறது', 'உன்னைப் பார்க்காமல் கண் பூத்துப்போயிற்று' என்றெல்லாம் என் தாயார் எழுதுவார். அவற்றுள் ஒன்றிலும் 'நான்' என்னும் எழுவாய் இல்லை. வீடு, நினைவு, கண் என்று ஒவ்வொன்றாக வந்து பேசும். அக்கடிதங்களை யாரேனும் ஆங்கிலத்தில் பெயர்ப்பதானால் மூன்று இடத்திலும் 'ஐ மிஸ் யூ' என்று எழுதிவிட்டுப் போகலாம். பிழை என்று எவரும் கூறமுடியாது. எனக்கு மட்டும் அது போதாது.

நண்பரின் மகளுக்குத் திரும்புவோம். அன்று மாலை இவற்றில் சிலவற்றை அவளிடம் கூறினேன். அவள் சற்று நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆசிரியரின் விடையை அடிக்காமலே அதன் கீழே 'கையிலிருந்து நழுவிவிட்டது' என்னும் ஆங்கிலத் தொடரையும் எழுதி, எதிரே இருப்பவர் கோபமாக இருந்தால் இதைச் சொல்ல வேண்டும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தாள். மறுவாரம் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது, ஆசிரியர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பாதி மதிப்பெண் கொடுத்தார், மாமா. 'முதல் முறையே ஏன் இதை எழுதவில்லை?' என்று கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"'சே மே ஓல்விதோ' என்றேன்."